பழைய கல்விப் படத்துக்கு உரிமைக் கோரிக்கை: முதலில் எதைப் பார்ப்பது?

1952இல் வெளியான அமெரிக்கக் கல்விப் படம் ஒன்றை யூடியூபில் ஏற்றியதும் உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது, நீக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை கோருகிறார்கள், படத்தையா இசையையா என்று அறிவிப்பிலேயே இருக்கும், அதைப் பாருங்கள்.

1964க்கு முன் அமெரிக்காவில் வெளியான படங்களுக்கு 28ஆம் ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும்; இல்லையென்றால் படம் பொதுவுடைமை, அதாவது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். உங்கள் படத்துக்கு அந்தக் கெடு 1980. நல்லவேளையாக, 1978 முதலான பதிவுகள் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையப் பட்டியலிலேயே கிடைக்கின்றன. படத்தின் பெயரோடு நிறுத்தாமல் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரிலும் தேடுங்கள்.

வில்லங்கம் பெரும்பாலும் இசையில்தான். 1946இல் வந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தின் உரிமை புதுப்பிக்கப்படவில்லை. ஆனாலும் மூலக்கதை, இசை ஆகியவற்றின் உரிமையைக் காட்டி அதைப் பிற்பாடு கட்டுப்படுத்திவிட்டார்கள். உங்களுக்கும் இசைதான் சிக்கல் என்றால் அந்தப் பகுதியை மட்டும் ஒலியடக்கிவிடுங்கள்.

படக்காட்சிக்கே கோரிக்கை, ஆனால் புதுப்பித்த பதிவு எதுவும் கிடைக்கவில்லை என்றால் தயங்காமல் மறுப்புத் தெரிவியுங்கள். பொதுவுடைமைக் காட்சியைத் தங்கள் நிகழ்ச்சியில் ஒட்டிவிட்டு மூலத்துக்கே சொந்தம் கொண்டாடுகிறவர்கள் உண்டு! வெளியான ஆண்டையும் புதுப்பித்தல் பதிவு இல்லாததையும் இரண்டு வரிகளில் எழுதினால் போதும். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம்.