விசுவமடுவிலிருந்து ஒரு கடிதம்: கட்டாருக்குத் தனியாகப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 25. ஊர் விசுவமடு. கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மூன்று வருடமாகத் தைக்கிறேன். அப்பா இல்லை. அம்மா கச்சான் தோட்டம் செய்கிறா, தம்பி உயர்தரம் படிக்கிறான். கட்டாரில் சுப்பர் மார்க்கெட்டில் காசாளர் வேலை இருப்பதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். விசிட் விசாவில் போய்ப் பிறகு மாற்றலாமாம். நாலரை இலட்சம் கேட்கிறார். அம்மா காணியை ஈடு வைக்கலாம் என்கிறா. மாமாவோ, கலியாணம் கட்டாமல் குமர்ப்பிள்ளை தனியப் போகக் கூடாது என்கிறார். எனக்குப் போக விருப்பம். போகலாமா?

பதில்: தங்கச்சி, 'எனக்குப் போக விருப்பம்' என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வெளிநாடு போவது பற்றி எனக்கு வரும் கடிதங்களில் கடன் இருக்கும், சீதனம் இருக்கும், அரைகுறையாக நிற்கும் வீடு இருக்கும். இந்த வரி அநேகமாக இருக்காது. அதனால் போங்கள் என்றே சொல்கிறேன். ஆனால் இந்த விசாவில் வேண்டாம், காணியை வைத்தும் வேண்டாம்.

விசிட் விசாவில் வேலை செய்வது கட்டார்ச் சட்டப்படி பிழை. சம்பளம் தராவிட்டால் முறையிடவே பயந்து நிற்பீர்கள். வேலை விசாவில் போகிறவருக்குக் கொழும்பில் கட்டார் விசா நிலையம் இருக்கிறது. கைரேகை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் அங்கேதான். சம்பளம் எழுதிய ஒப்பந்தத்தைப் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகே பயணம். 2021 மார்ச்சிலிருந்து அங்கே குறைந்த அடிப்படைச் சம்பளம் 1,000 றியால். இருப்பிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இந்த எண்களைத் தேடிப் பாருங்கள்.

காணி விஷயம். உங்கள் பக்கத்தில் பலரிடம் இருப்பது சொந்தக் காணி உறுதிப் பத்திரம் இல்லை, அரசு தந்த பெர்மிட். அதைப் பிரதேச செயலகத்துக்குத் தெரியாமல் ஈடு வைக்க முடியாது. வட்டிக்காரர் கையில் அந்தக் கடதாசி போய்விட்டால், கட்டாரில் என்ன நடந்தாலும் உங்களால் திரும்பி வர முடியாது. அம்மாவின் கச்சான் மண்ணைத் தொடாதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. ஒட்டுசுட்டான் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா ஏழு வருடம் குவைத்தில் இருந்தவ. வந்த பிறகு ஒரு சீ.ஆர். கொப்பியைக் காட்டினா. திகதி, தொகை, எதற்கு என்று ஒவ்வொரு வரியாக எழுதியிருந்தது. அண்ணாவின் மோட்டார் சைக்கிள் லீசிங். சித்தியின் கண் ஒப்பரேசன். மருமகளின் சாமத்தியவீடு. கோயில் தேர். ஒரு பக்கத்தில் தனக்கென்று ஒரே ஒரு வரி: செருப்பு. யாரும் அவவிடம் பறிக்கவில்லை. கேட்டார்கள், கொடுத்தா. 'அவளுக்கென்ன, புருஷனா பிள்ளையா' என்பதுதான் எல்லாருடைய நியாயமும். அந்தக் கொப்பியை மூடிவிட்டு, 'நான் ஒரு நாளும் இல்லை என்று சொல்லிப் பழகவில்லை' என்றா. அந்தக் குரல் இன்னும் என் காதில் நிற்கிறது.

அதனால் போக முதல் அம்மாவையும் தம்பியையும் இருத்திப் பேசுங்கள். மாதம் வீட்டுக்கு எவ்வளவு, தம்பியின் படிப்புக்கு எவ்வளவு, உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் எவ்வளவு, எத்தனை வருடம். இதைத் தாளில் எழுதி மூன்று பேரும் வைத்திருங்கள். இங்கே இருந்து சொல்வது சுலபம். அங்கே போன பிறகு, இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் அழும் குரலுக்கு மறுப்புச் சொல்ல உங்களுக்கு வராது.

மாமாவின் பயத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். அவர் எத்தனையோ கதை கேட்டிருப்பார். ஆனால் கலியாணம் கட்டிப் போன பெண்களிடமும் கடவுச்சீட்டைப் பறித்திருக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள். கட்டாரில் முதலாளி கடவுச்சீட்டை வைத்திருப்பது குற்றம் என்பதையும் சொல்லுங்கள். பிறகு அவரையே கூட்டிக்கொண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குப் போங்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம். அனுமதி பெற்ற முகவருக்கு இலக்கம் இருக்கும், அந்த வேலைக்குப் பணியகத்தின் ஒப்புதல் இருக்கும். பணியகத்தில் பதியாமல் விமானம் ஏற வேண்டாம்.

இன்னொன்று. மூன்று வருடம் தைத்த கைக்குக் காசாளர் வேலைதான் வேண்டுமா? அந்த அனுபவத்தை நைற்றா என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனத்தில் மதிப்பிட்டு என்.வி.கியூ. என்னும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருகிறார்கள். யோர்தான் ஆடைத் தொழிற்சாலைகளில் இலங்கைப் பெண்கள் நிறையப் பேர் தைக்கிறார்கள். சான்றிதழோடு போகிறவர் சம்பளம் பேசலாம். ஆறு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை.

கடவுச்சீட்டை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், மாமாவோடு நாளைக்கே போய் வாங்கி வாருங்கள்.