குளத்துக் கரையில் எதைப் பார்ப்பது? மழைக்காலக் கேள்வி-பதில்

ரெட் அலர்ட் போடுகிறார்கள், எங்கள் ஊரில் தூறலோடு நின்றுவிடுகிறது. எப்படி நம்புவது?

அலர்ட் மாவட்டம் முழுமைக்கும்தான். மழை அப்படிச் சமமாக விழாது. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. முதல் கனமழை, 11.56 முதல் மிக கனமழை, 20.45 முதல் அதிகனமழை. அதற்கு மேல் தனி நிறம் இல்லை. 2023 டிசம்பர் 17-18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியபோதும் அதே சிவப்புதான். ஊர் மழையை நீங்களே அளந்துகொள்ளுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, காலை 8.30 மணிக்கு ஸ்கேலை விட்டுப் பாருங்கள். வாளி வேண்டாம், வாய் அகலம் என்பதால் கூட்டிக் காட்டும்.

மேல்குளம் உடைந்தால் எங்கள் குளமும் தாங்காது என்கிறார்கள். கரையில் எதைக் கவனிப்பது?

ஒன்று நிரம்பி அடுத்ததுக்கு வழியும் சங்கிலிக் குளங்களில் பயம் நியாயமானதே. ஒரு சதுர கிலோமீட்டரில் 20 செ.மீ. பெய்தால் 2 லட்சம் கன மீட்டர் தண்ணீர். நிலம் ஏற்கெனவே ஊறியிருந்தால் பெரும்பகுதி அப்படியே குளத்துக்கு வந்துவிடும். அணை திறப்புச் செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியாது.

தண்ணீர் விளிம்பில் அளவு குறித்த குச்சி ஒன்று நட்டு, அரை மணிக்கொரு முறை பாருங்கள். கரை உச்சிக்கு இன்னும் 60 செ.மீ. இருக்கிறது, அரை மணியில் 10 செ.மீ. ஏறுகிறது என்றால் கையில் இருப்பது மூன்று மணி நேரம். மேல்குளம் உடைந்தால் அதுவும் இல்லை. ஆகவே மேல்குளத்துக் கரையில் இருப்பவரின் போன் எண் உங்களிடம் இருக்கட்டும்.

அடுத்து, கரையின் வெளிச்சரிவும் அடிவாரமும். தெளிந்த நீர் கசிந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரவேர் வழியாகத்தான் பெரும்பாலும் இப்படித் தொடங்கும். பதற்றத்தில் வெளிப்பக்க ஓட்டையில் களிமண்ணைத் திணிப்பார்கள். அடைத்த தண்ணீர் அருகிலேயே வேறு வழி பார்த்துக்கொள்ளும். கலங்கல் நீர் வெளிவரும் இடத்தைச் சுற்றி மணல் மூட்டையால் கிணற்று உறைபோல வட்டம் கட்டி, உள்ளே நீர் மட்டத்தை உயரவிடுங்கள். வருகிற நீர் தெளிந்ததும் உயர்த்துவதை நிறுத்துங்கள். வட்டத்துக்கு மேல் வழிந்தால் வழியட்டும். மண் போகாமல் இருந்தால் சரி. மூட்டையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், விறைத்த மூட்டைகளுக்கு நடுவே சந்து விழும். செங்கல் அடுக்குவதுபோல மூட்டு மாற்றி வைத்து மிதித்துவிடுங்கள்.

கரை உச்சியில் நீளவாக்கில் வெடிப்பு ஓடினாலோ, சரிவு புடைத்தாலோ மூட்டை வேலையை விட்டுவிட்டு, கீழே இருக்கும் தெருக்களைக் காலி செய்யுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077.

மறுகாலில் (குளம் நிரம்பினால் உபரி நீர் வழியும் இடம்) பலகை வைத்து உயர்த்தினால் கூடுதல் தண்ணீர் நிற்குமே?

நிற்கும், கரை இருக்கிறவரை. மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். மறுகால் ஓடையில் மண்டிய சீமைக்கருவேலத்தை ஐப்பசிக்கு முன்பே வெட்டிவிடுங்கள்.

தரைப்பாலத்தில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். பைக்கில் போகலாமா?

கூடாது. வேகமாக ஓடும் 15 செ.மீ. நீர் ஆளைச் சாய்த்துவிடும், 30 செ.மீ. சின்னக் காரைத் தூக்கிவிடும். கலங்கிய நீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா என்பதே தெரியாது.

நடவு செய்து 25 நாள் ஆன நெல் மூழ்கிக் கிடந்தது. வடிந்ததும் யூரியா போடலாமா?

முதலில் முழுக்க வடியட்டும். புதுத் தளிர் வந்த பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவுங்கள். பள்ளக்கால் வயல் என்றால் அடுத்த பருவத்துக்கு சி.ஆர். 1009 சப் 1 ரகத்தைப் பாருங்கள். பூக்கும் முன் இரண்டு வாரம் வரை மூழ்கலைத் தாங்கும்.

கிணற்றில் வெள்ளம் புகுந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

கலங்கல் நீரை இறைத்துவிட்டு ஊறவிடுங்கள். மோட்டார் நனைந்திருந்தால் எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள். விட்டம் 3 மீட்டர், நீர் ஆழம் 4 மீட்டர் என்றால் சுமார் 28,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 70 கிராம். வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து குளோரின் சோதனைக் கிட்டில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்னொரு முறை போடுங்கள். கடையில் ஈரம் பட்டுக் கட்டிப்போன பவுடரை வாங்காதீர்கள், அதில் குளோரின் போயிருக்கும்.