கடிக்கும் குட்டிக்கு அஜிலிட்டி அடிப்படைகளை இப்போதே தொடங்கலாமா?

ஐந்து மாதக் குட்டி ஓயாமல் துறுதுறுவென்று இருக்கிறது, கூடவே ஓடினால் காற்சட்டையைக் கவ்வித் தொங்குகிறது, இந்தக் கடி அடங்கிய பிறகுதான் அஜிலிட்டிக்கான, அதாவது நாய் நம் சைகைப்படி தடைகளைக் கடந்து ஓடும் விளையாட்டுக்கான, அடிப்படைகளைத் தொடங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம் என்பதே என் பதில். நாய்களுக்குப் பயிற்சியளிப்பது என் தொழில் இல்லை. இந்த விளையாட்டுக்காகவே குட்டியிலிருந்து வளர்த்தது ஒரே ஒரு நாயைத்தான். ஒரு நாயை வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்கிறாயே என்று யாராவது கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் செய்ய நினைக்கும் தவற்றை நான் முழுமையாகச் செய்து முடித்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

என் நாயின் பெயர் வாண்டு. மேய்ப்பு இனக் கலப்பு. ஓடும் எதையும் துரத்திக் கவ்வ வேண்டும் என்ற உந்துதல் பிறவியிலேயே உள்ளது. அது நான்கு மாதக் குட்டியாக இருந்தபோது, முதலில் வாயை அடக்குங்கள், மற்றதெல்லாம் பிறகு என்று அனுபவசாலி ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார். கடித்தவுடன் வாயைக் கையால் இறுக மூடிப் பிடித்து, அது முனகும் வரை விடக் கூடாது என்பது அவருடைய முறை. இரண்டு வாரங்கள் அப்படியே செய்தேன். கடி குறையவில்லை, ஆனால் என் கை முகத்தருகே வந்தாலே வாண்டு தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளத் தொடங்கியது. விரித்த உள்ளங்கையை மூக்கால் வந்து தொடு என்பது அஜிலிட்டியின் அரிச்சுவடி. பக்கத்தில் அழைப்பது, திருப்புவது, தொடக்கக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவது ஆகிய எல்லாமே அதன்மேல்தான் கட்டப்படுகின்றன. பிற குட்டிகள் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளும் அந்தத் தொடுதலை, என் கையை நம்பாத குட்டிக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் பிடித்தன. அறிவுரை சொன்னவர் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. கேட்டுக்கொண்டு செய்த என் மீது அதைவிட அதிகம்.

திருப்பம் ஒரு கைப்பேசிப் பதிவால் வந்தது. கவிழ்த்து வைத்த வாளி ஒன்றைச் சுற்றி வரக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாளில் தாண்டுதடையின் தூணைச் சுற்றித் திரும்புவதற்கு அதுவே முன்பயிற்சி. கைப்பேசியைச் சுவரோரம் சாய்த்து வைத்துப் பதிவு செய்துவிட்டு, இரவில் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு நிமிடத்தில் பதினொரு கடி. அவற்றில் ஒன்பது, குட்டி வாளியைச் சரியாகச் சுற்றி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பிறகு நிகழ்ந்தவை. அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் தின்பண்டத் துணுக்கைத் துழாவிக்கொண்டிருந்தேன், அல்லது அடுத்து இடமா வலமா என்று யோசித்தபடி மரம்போல் நின்றேன். ஒரு நொடி பார்த்தது, இரண்டாம் நொடி குரைத்தது, மூன்றாம் நொடி என் சட்டைக் கையின் விளிம்பில் அதன் பல் இருந்தது. குட்டி என்னிடம் மூன்று நொடிகளாகக் கேள்வி கேட்டிருக்கிறது. நான்தான் பதில் சொல்லவில்லை.

அஜிலிட்டி 1978ஆம் ஆண்டு லண்டனில் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைத் தாண்டல் போட்டியை முன்மாதிரியாகக் கொண்ட ஓர் இடைவேளைக் காட்சியாகத்தான் தொடங்கியது. குதிரைக்குக் கடிவாளம் இருக்கிறது. நாய்க்கு வாரும் இல்லை, ஓட்டத்தின்போது தொட்டு வழிகாட்டவும் கூடாது. நம் தோளும் காலடியும் குரலும் சொல்வதை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. ஆகவே தாமதமாகச் செய்தி சொல்லும் பழக்கத்தை வைத்துக்கொண்டு, குட்டியின் வாயை மட்டும் அடக்கினால், ஒரு வயதுக்கு மேல் அதே எரிச்சல் குரைப்பாகவோ தடையை விட்டு விலகி ஓடுவதாகவோ வெளிப்படும் என்று நான் நினைக்கிறேன். கடி, குறைந்தபட்சம், என் தவற்றை உடனே காட்டிக்கொடுத்தது.

அதன் பிறகு மாற்றியவை மிகச் சிறியவை. குட்டியைக் கூண்டிலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்பே, இன்று என்ன, எந்தப் பக்கம், எத்தனை முறை என்று முடிவு செய்தேன். பத்துத் துணுக்குகளை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டேன். தீர்ந்தால் பயிற்சி முடிந்தது. பரிசை என் கையிலிருந்து ஊட்டாமல், குட்டி போக வேண்டிய திசையில் தரையில் போட்டேன். இந்தக் கடைசி மாற்றத்தை மட்டும் செய்தாலே உங்கள் விரல்கள் பாதி தப்பிக்கும், ஏனென்றால் பரிசு உடம்பிலிருந்து வருவதில்லை என்று தெரிந்த குட்டி உடம்பைப் பார்த்துப் பாய்வதைக் குறைத்துக்கொள்கிறது. ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு நடையிலிருந்து மீண்டும் தொடங்கினேன். மூன்று அடி நடந்து கவ்வாமல் வந்தால் பரிசு, பிறகு ஐந்து அடி, பிறகு மெல்லோட்டம்.

எதையும் கவ்வும் குட்டியின் வாய் ஒரு சொத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் தம் நாயைப் பொம்மை இழுக்க வைப்பதற்கே படாத பாடு படுகிறார்கள். உங்களுக்கு அது இலவசமாகக் கிடைத்திருக்கிறது. கைக்கும் பல்லுக்கும் இடையில் ஒரு முழமாவது இருக்கும்படி நீளமான, மென்மையான துணிப் பின்னலை எடுத்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போங்கள். கவ்வியதும் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டுங்கள், மேல்நோக்கி வெட்டி இழுக்காதீர்கள், கழுத்துக்கு ஆகாது. விடு என்று சொன்ன பிறகு பொம்மையை முழங்காலோடு ஒட்டிப் பிடித்து உயிரற்றதாக்கிவிடுங்கள். இழுத்துப் பார்த்து ஏமாந்து வாயைத் திறக்கும் அந்தக் கணத்திலேயே, எடு என்று சொல்லி விளையாட்டை மீண்டும் கொடுங்கள். விட்டால் விளையாட்டு முடிந்துவிடாது, மறுபடி தொடங்கும் என்பது புரிந்த பிறகு வாண்டு என் சொல்லுக்கு முன்பே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. பல் தோலில் பட்டால் மட்டும், கத்தாமல், திட்டாமல், பொம்மையோடு வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பத்து நொடி நின்றுவிட்டுத் திரும்பினேன். இன்னொன்று: 28 பால்பற்களும் விழுந்து 42 நிலைப்பற்கள் வரும் பருவம் இது, ஏறத்தாழ நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை. பொம்மையில் இரத்தக் கறை தெரிந்த நாள்களில் இழுப்பு விளையாட்டை நிறுத்திவிட்டுத் தின்பண்டத்துக்கு மாறினேன்.

என்ன கற்றுக்கொடுக்கலாம் என்பதற்கு என் விருப்பம் பெட்டிதான். குட்டியின் முன்கால்கள் இரண்டும் நிற்கும் அளவுக்குக் குட்டையான, ஆடாத பெட்டி ஒன்றின் மீது முன்கால்களை வைக்கச் செய்து, நீங்கள் மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தால், அது உங்களை நோக்கித் திரும்ப முயன்று பின்கால்களை எடுத்து வைக்கும். முதல் நாள் வாண்டுக்குத் தனக்குப் பின்கால்கள் உண்டு என்பதே செய்தியாக இருந்தது. இடது பின்கால் வலதின் மேல் ஏறிச் சிக்கியதும் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. குறுகலான நடைபலகையில் விழாமல் நடக்க இந்த உணர்வு வேண்டும். இதோடு தரையில் கிடத்திய பலகையில் நடப்பது, பலகையின் ஒரு முனைக்கு அடியில் சிறு கட்டையை வைத்து அது டக்கென்று சாயும் ஓசைக்குப் பழக்குவது, நேரான குட்டைச் சுரங்கக்குழாய், தரையில் கிடக்கும் கம்பியைக் கடந்து இரு தூண்களுக்கிடையே ஓடுவது ஆகியவை போதும்.

தாண்டுதல் கூடாது. எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்குப் பல இனங்களில் ஒரு வயதாகும், பெரிய இனங்களில் அதற்கும் மேல், எஃப்.சி.ஐ. என்ற பன்னாட்டு நாய்க் கூட்டமைப்பின் விதிப்படி 18 மாதம் நிரம்பாத நாய் போட்டியிலேயே இறங்க முடியாது. பன்னிரண்டு கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடுவதும் இந்த வயதுக்கு வேண்டாம். பாதி வளர்ந்த குட்டி உயரத் தாண்டும் காணொளிகளுக்கு விழும் கைத்தட்டல்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. இதைச் சொன்னால், உன் நாய் மெதுவானது, அதனால் பொறாமை என்கிறார்கள். மெதுவானதுதான், ஆனால் நொண்டவில்லை.

மாலையில் எதையும் காதில் வாங்காமல் கடித்துக் குதறுகிறது என்றால், பெரும்பாலும் அது ஆற்றல் மிகுதியில்லை, தூக்கக் குறைவு. இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் தூங்குவது இயல்பே. களைத்துவிடும் என்று மேலும் ஓடவிட்டு நானும் ஏமாந்திருக்கிறேன். கூண்டில் போட்டுத் துணியால் மூடிய ஐந்தாம் நிமிடம் குறட்டை கேட்டது. உடல் விறைத்து, உறுமி, உணவையோ பொம்மையையோ காத்துக்கொண்டு கடிக்கும் குட்டிக்கு நான் எழுதிய எதுவும் பொருந்தாது. அதற்குக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

வாண்டுக்கு இப்போது மூன்று வயது. நான் ஒரு திருப்பத்தைச் சொல்லத் தாமதித்தால் நின்று என்னைப் பார்த்து ஒரு முறை குரைக்கும். காற்சட்டையைத் தொடுவதில்லை. நாளைக்கே பெட்டியை எடுத்து வையுங்கள், பத்துத் துணுக்குகளோடு; கைப்பேசியையும் சாய்த்து வைத்துவிட்டு, பிறகு பார்க்கும்போது குட்டியை விட்டுவிட்டு உங்கள் கைகளை மட்டும் கவனியுங்கள்.