ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் ஆன்லைன் அறிமுகப் படிப்பு: நர்சிங் முடித்தவருக்குப் பயன்படுமா?

கேட்டவர் எழுதியிருந்தது: "பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுத் தனியார் மருத்துவமனையில் இருக்கிறேன். வார்டிலிருந்து மாறி ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் பக்கம் போக ஆசை. ஆன்லைனில் கிடைக்கும் அறிமுகப் படிப்பு போதுமா? புரோகிராமிங் தெரியாதவருக்குப் புரியுமா?"

புரியும். ஆனால் அது மட்டும் போதாது. நோயாளியின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் எப்படிப் பதிவது, சேமிப்பது, ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குச் சரியாகக் கொண்டுபோவது என்பதுதான் ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம்.

நான் டாக்டர் இல்லை, ஐ.டி. ஆளும் இல்லை. மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் ரெக்கார்டு டெக்னீஷியன். எந்தப் படிப்பையும் விளம்பரம் செய்ய வரவில்லை. இதே கேள்விக்கு முன்பு ஒருவர், "டேட்டா என்ட்ரிதான் அது, துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம் கட்டின மாதிரி ஒரு பேர் வைத்திருக்கிறார்கள்" என்று பதில் எழுதியிருந்தார். அதற்கு லைக் போட்டவர்களும் இருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நீங்கள் ஷிப்ட் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஹாஸ்டலில் போனை வைத்து வீடியோ பார்க்கும் நிலைமையில் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். நானும் போனில்தான் படித்தேன். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் பிரவுன்ஸ்டைன் என்ற டாக்டர் கோர்செரா என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் நடத்திய படிப்பு அது. முதல் பகுதி முழுக்க அமெரிக்கப் புராணம். அங்கே இன்ஷூரன்ஸ் எப்படி, செலவு ஏன் இப்படி ஏறுகிறது, 2009-இல் ஹைடெக் என்று ஒரு சட்டம் போட்டு, கம்ப்யூட்டரில் ரெக்கார்டு வைக்கும் டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அரசாங்கம் எப்படி ஊக்கத்தொகை கொடுத்தது என்று போகும். நமக்கெதுக்கு இதெல்லாம் என்று தோன்றும். தள்ளிவிட்டுப் போகாதீர்கள். சாஃப்ட்வேர் ஏன் நோயாளியைவிட பில்லைத்தான் முதலில் கேட்கிறது என்பது அங்கேதான் விளங்கும்.

வார்டில் கேஸ் ஷீட்டில் டாக்டர்கள் எஸ், ஓ, ஏ, பி என்று நான்கு எழுத்துப் போட்டு, நோயாளி சொன்னது, சோதனையில் தெரிந்தது, கணிப்பு, அடுத்த திட்டம் என்று குறிப்பு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க டாக்டர் கொண்டுவந்த முறை அது. நோயாளியின் ஒவ்வொரு பிரச்சினைக்கும் தனித்தனியாகக் குறிப்பு வைக்க வேண்டும் என்று 1968-லேயே விரிவாக எழுதிவிட்டார். வருஷக்கணக்கில் அந்தத் தாள்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், இப்படி ஒருவர் இருந்தார் என்று அந்தப் படிப்பில்தான் தெரிந்தது. உங்களுக்கும் இந்த மாதிரிதான் நடக்கும். பாதி விஷயம் ஏற்கெனவே கையால் செய்துகொண்டிருப்பதாக இருக்கும். புரோகிராமிங் தெரிந்து மருத்துவமனை தெரியாதவர்களுக்கு அந்தப் பாதிதான் தலையில் ஏறாது.

இப்போது என் கதை. நான் படித்துக்கொண்டிருந்த சமயத்தில் எங்கள் மருத்துவமனையில் புது சாஃப்ட்வேர் போட்டார்கள். லேப் மெஷினிலிருந்து ரிசல்ட் நேராக நோயாளியின் பக்கத்துக்கே வந்துவிடும் என்றார்கள். வந்தது, பெரும்பாலானவர்களுக்கு. சிலருக்கு மட்டும் அதே ஆளின் இன்னொரு நோயாளி நம்பரில் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் திறந்து பார்க்கும் பக்கம் காலியாக இருக்கும், திரும்பவும் ரத்தம் எடுக்கச் சொல்வார். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று நம்பர் இருந்ததுதான் காரணம். பழி யார் மேல் விழுந்தது? "ரெக்கார்டு ரூம்ல ஒழுங்கா மெயின்டெயின் பண்றதில்ல."

படிப்பில் அப்போது எச்எல்7 நடந்துகொண்டிருந்தது. ஒரு மருத்துவ சாஃப்ட்வேர் இன்னொன்றோடு பேசுவதற்கான மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1987-இல் ஆரம்பித்தது. லேப் மெஷின் அனுப்பும் மெசேஜ் இந்த முறையில்தான் வருகிறது என்று தெரிந்ததும், சாஃப்ட்வேர் கம்பெனி இன்ஜினியரைக் கெஞ்சி ஒரு மெசேஜைத் திரையில் காட்டச் சொன்னேன். பிஐடி என்று தொடங்கும் ஒரு வரி, நடுநடுவே நெட்டுக்குத்தாகக் கோடுகள். மூன்றாவது கட்டத்தில் நோயாளி எண், ஐந்தாவதில் பெயர், ஏழாவதில் பிறந்த தேதி, எட்டாவதில் ஆணா பெண்ணா. பெயர்க் கட்டத்துக்குள்ளே முதலில் குடும்பப் பெயர், அப்புறம்தான் சொந்தப் பெயர்.

குடும்பப் பெயருக்கு நாம் எங்கே போவது? பதிவு கவுன்டரில் 'லாஸ்ட் நேம்' என்ற இடத்தில் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. காலை எட்டு மணிக் கூட்டத்தில் அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் என்ன செய்யும்? ஒரு புள்ளி வைக்கும். இன்னொரு நாள் இனிஷியலைப் போடும். வேறொருத்தர் அப்பா பெயரை முழுசாகப் போடுவார். ஊர்ப் பெயர் போட்டிருந்த பதிவுகளும் கிடைத்தன. அவர்கள் மேல் தப்பே சொல்ல மாட்டேன்.

ஒரு பாட்டி, முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் வேறு. ஒரு பதிவில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் வீட்டுக்காரர் இனிஷியல். ஒன்றில் லட்சுமி, ஆதார் பார்த்து ஏற்றியதில் லெட்சுமி. வயசு கேட்டால், "அறுவதுக்கு மேல இருக்கும்யா." வருஷத்தை மட்டும் கொடுத்தால் சாஃப்ட்வேர் தானாக ஜனவரி 1 போட்டுக்கொள்ளும். அதை நம்பினால் எங்கள் சுற்றுவட்டாரத்துப் பெரியவர்களில் பாதிப் பேர் புத்தாண்டு அன்று பிறந்தவர்கள். பாட்டியின் பழைய காகித ஃபைலைத் தேடி எடுத்தேன். அட்டையில் சிவப்பு மையில் 'சல்பா அலர்ஜி' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. புது நம்பரில் அலர்ஜி என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது, யாரும் எழுதவில்லை, அதுவாகவே அப்படித்தான் வரும். ஒன்றும் ஆகவில்லை. மருந்து கொடுக்கும் முன்னால் நர்ஸ் ஒருவர், "பாட்டி, ஏதாவது மாத்திரை ஒத்துக்காதா?" என்று வாயால் கேட்டிருக்கிறார்.

ஒலி ஒத்த பெயர்களைத் தேடும் வசதி சாஃப்ட்வேரிலேயே இருக்கிறது என்று இன்ஜினியர் சொன்னார். அது சவுண்டெக்ஸ் என்ற முறை. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மிச்சத்துக்கு மூன்று எண் கொடுக்கும். பேப்பரில் நானே போட்டுப் பார்த்தேன். நடுவில் கே.எஸ்.எச். வரும் லட்சுமிக்கு எல்250. டி.சி.எச். வரும் லெட்சுமிக்கு எல்325. ஒரே பாட்டி, இரண்டு பேராகிவிட்டார். சந்திராவை ஒருவர் 'சி'யிலும் இன்னொருவர் 'எஸ்'ஸிலும் தொடங்கினால் முதல் எழுத்திலேயே கதை முடிந்தது.

அடுத்த பாடம் ஃபயர். எழுத்துக்கூட்டினால் எஃப்எச்ஐஆர், வாயில் ஃபயர். கிரஹாம் கிரீவ் என்ற ஆஸ்திரேலியர் 2011-இல் தொடங்கிவைத்த, சாஃப்ட்வேர்கள் பேசிக்கொள்வதற்கான புது முறை, எச்எல்7 என்ற அதே பெயருள்ள அமைப்பின் கீழேயே வளர்ந்தது. அதில் பெயரை ஒரே வரியில், இருக்கிறபடி வைக்கலாம். குடும்பப் பெயர் கட்டாயம் இல்லை. பிறந்த தேதிக்கு வருஷம் மட்டும் கொடுத்தால் போதும். இதைப் படித்தபோது வந்த சந்தோஷத்தை வீட்டில் சொன்னால் யாருக்கும் புரியவில்லை, அது பரவாயில்லை.

ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். லாஸ்ட் நேம் நட்சத்திரத்தை எடுங்கள். வருஷம் மட்டும் போதும் என்று வையுங்கள். புது நம்பர் போடும் முன் போன் நம்பர், ஊர், அப்பா அல்லது கணவர் பெயர் வைத்துத் தேடி, ஒத்துப்போகிறவர்களைத் திரையில் காட்டுங்கள். "சிஸ்டம் அலோ பண்ணாது சார்" என்றார் இன்ஜினியர். போனில் ஃபயர் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். உலகமே அலோ பண்ணுகிறது, உங்கள் சிஸ்டத்துக்கு என்ன? கொஞ்ச நாள் இழுத்தடித்துவிட்டுச் செய்து கொடுத்தார்கள். இரட்டை நம்பர்களை நாங்கள் உட்கார்ந்து காகித ஃபைலோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். மாதாந்திரக் கூட்டத்தில் ஐ.டி. மேனேஜர் இதை ஸ்லைடு போட்டுக் காட்டினார். எங்கள் டிபார்ட்மென்ட் பெயர் அதில் இல்லை.

பெயரை விடுங்கள், ரெக்கார்டு ரூம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எந்த மருத்துவமனைக்கு வேண்டுமானாலும் போங்கள், பேஸ்மென்டில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். மழை பெய்தால் தண்ணீர், பெய்யாவிட்டால் கரையான். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் என்ஏபிஎச் ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் மட்டும் பெயின்ட் அடித்து ஃபேன் மாட்டுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகி எத்தனையோ நாளான கேஸ் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துக்காக டாக்டர்களை மாடி மாடியாகத் தேடுவது யார்? கல்யாணப் பேச்சு வந்தால், "ஆஸ்பத்திரியிலயா, என்னவா இருக்கார்?" என்று கேட்டுவிட்டு, பதில் சொன்னதும் காபியை எடுத்துக் குடிப்பார்கள். சரி, அது உங்கள் கேள்வியில் இல்லை.

"ஆபா எண் வந்துவிட்டதே, இனி எதற்கு இந்தப் பெயர்ப் பஞ்சாயத்து?" என்று யாராவது கமெண்டில் வருவார்கள் என்று தெரியும். ஒவ்வொருவருக்கும் மத்திய அரசு கொடுக்கும் 14 இலக்க சுகாதார எண், ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கியது, எல்லாம் தெரியும். நல்ல திட்டம்தான். ஆனால் அது விருப்பப்பட்டு எடுப்பது. பாட்டிக்கு எண் இருந்தாலும் அது இருக்கும் போன் பேரனோடு திருப்பூரில் இருக்கும். கவுன்டரில் அன்றைக்கு யாராவது பெயர் கேட்டு எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏன் போதாது என்றேன்? அமெரிக்கப் படிப்பில் நம் ஊர் இருக்காது. இந்தியாவின் மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகள் 2013-இல் வந்து 2016-இல் திருத்தப்பட்டன. அதைப் பதிவிறக்கிப் படியுங்கள், நீளம்தான். சி-டாக் என்ற மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனத்தின் புனே கிளையில் இயங்கும் என்ஆர்சிஇஎஸ் என்ற சுகாதாரத் தரநிலை மையம் நம் டிஜிட்டல் மிஷனுக்கான ஃபயர் வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. நோய், அறிகுறி, சிகிச்சைகளுக்குக் குறியீடு கொடுக்கும் ஸ்னோமெட் சிடியை இந்தியாவில் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம், நாடு 2014-இலிருந்து உறுப்பினர். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். இவை தெரியாமல் இன்டர்வியூ போனால் சான்றிதழை மேசையில் வைத்துவிட்டு முழிக்க வேண்டியதுதான். கூடவே எஸ்க்யூஎல், அதாவது கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்த பதிவுகளைத் தேடி எடுக்கும் மொழி, அதன் அடிப்படை கற்றுக்கொள்ளுங்கள், வார்டு ரிஜிஸ்டர் எழுதத் தெரிந்தவருக்கு அது ஒன்றும் மலை இல்லை. மெடிக்கல் கோடிங் என்பது கேஸ் ஷீட்டைப் பார்த்து நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் வேறு தொழில், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வேலை என்று பார்த்தால், மருத்துவமனை சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இம்ப்ளிமென்டேஷன் (சாஃப்ட்வேரை மருத்துவமனையில் போட்டு ஓட வைப்பது), பயிற்சி கொடுப்பது போன்ற இடங்களுக்கு நர்சிங் படித்தவர்களை எடுக்கிறார்கள். அதற்கு முன், உங்கள் மருத்துவமனையிலேயே சாஃப்ட்வேர் மாற்றும் சமயம் வந்தால் முதலில் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் 'சூப்பர் யூசர்' ஆக ஆள் கேட்பார்கள், எல்லோரும் ஓடி ஒளிவார்கள். கையைத் தூக்குங்கள்.

ஃபயர் முறையைப் பழகிப் பார்க்க ஹாப்பி ஃபயர் என்று ஒரு பொது டெஸ்ட் சர்வர் இருக்கிறது, காசு இல்லை. ஒரு நோயாளிப் பதிவை நீங்களே உருவாக்கி அனுப்பலாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம் என்பதால், வார்டில் இருக்கும் யாருடைய விவரத்தையும் மறந்தும் அதில் போடாதீர்கள்.

சான்றிதழுக்குக் காசு கட்ட முடியாவிட்டால் கோர்செராவில் நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். இதே பாடத்தை 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று பேனர் கட்டி விற்கும் இன்ஸ்டிட்யூட்களுக்கு உங்கள் மாதச் சம்பளத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.