ஃபேஸ்புக்கிலிருந்து வலைப்பதிவுக்குத் திரும்புவோர் கேட்டவை

சமூக ஊடகங்களைக் குறைத்துக்கொண்டு வலைப்பதிவுகளையும், அவற்றில் வரும் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் காட்டும் ஃபீட் ரீடரையும் மறுபடி கையிலெடுக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஓடை, ஓடை என்கிறீர்களே, அது என்ன சார்?

ஆங்கிலத்தில் ஃபீட் என்பார்கள். ஒரு தளம் தன் புதிய இடுகைகளை வரிசையாக எழுதி வைத்திருக்கும் கோப்பு. தலைப்பு, தேதி, சுட்டி, பல தளங்களில் முழுக் கட்டுரையும் அதிலேயே இருக்கும். ஃபீட் ரீடர் அவ்வப்போது போய்ப் பார்த்து, புதிதாக வந்ததை எடுத்து வரும். ஆர்எஸ்எஸ், ஆட்டம் என இரண்டு வடிவங்கள் உண்டு. படிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. வரிசை தேதிப்படிதான். ‘உங்களுக்குப் பிடிக்கலாம்’ என்று ஓடைக்குள் யாரும் எதையும் செருகுவதில்லை.

கூகுள் ரீடரோடு இதெல்லாம் முடிந்துவிட்டது என்றல்லவா நினைத்தேன்?

2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது ஒரு ரீடர்தான். ஓடைகள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்களில் பெரும்பாலானவை ஆர்எஸ்எஸ் வழியாகத்தான் வருகின்றன.

எந்த ரீடர் நல்லது அண்ணா? காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். ஆப்பிள் கருவிகள் என்றால் நெட்நியூஸ்ஒயர், இலவசம். ஆண்ட்ராய்டில் ஃபீடர். போனிலும் கணினியிலும் ஒரே பட்டியல் வேண்டுமென்றால் ஃபீட்லி அல்லது இனோரீடரின் இலவசக் கணக்கு போதும். சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் போட்டுக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் உங்கள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் என்ற வடிவத்தில் கோப்பாக ஏற்றுமதி செய்ய முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அந்தக் கோப்பு கையில் இருந்தால் நாளைக்கு எந்த ரீடருக்கும் மூட்டை கட்டலாம்.

பிளாக்ஸ்பாட் தளங்களில் ஓடைக்கான ஆரஞ்சுப் பொத்தானையே காணோமே?

பொத்தான் தேவையில்லை. தள முகவரியை ரீடரில் ஒட்டினால் ஓடையை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். வேர்ட்பிரஸ் தளம் அடம்பிடித்தால் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு, ஆங்கிலத்தில் ஃபீட் என்று சேர்த்துப் பாருங்கள். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு.

சேர்த்த ஒரே வாரத்தில் படிக்காதவை முந்நூறு. இதற்கு ஃபேஸ்புக்கே தேவலை!

செய்தித்தாள்களைச் சேர்த்திருப்பீர்கள், சரிதானே? எல்லோரும் முதலில் செய்வது அதுதான். நாளுக்கு ஐம்பது செய்தி போடும் தளம் ஒன்று உள்ளே வந்தால், மாதம் ஒரு முறை எழுதும் பதிவர் அதன் அடியில் காணாமல் போய்விடுவார். செய்தியை வேறெங்காவது பாருங்கள். ரீடர் மெதுவாக எழுதுபவர்களுக்கானது. இரண்டு வருடமாகச் சத்தமில்லாமல் கிடந்த வலைப்பதிவில் திடீரென்று ஒரு இடுகை விழும். நீங்கள் அவரை மறந்திருப்பீர்கள், ரீடர் மறந்திருக்காது. இதை ஃபேஸ்புக்கிடம் எதிர்பார்க்க முடியாது. அடிக்கடி எழுதாதவர்களை அது நம் கண்ணில் காட்டுவதே அபூர்வம்.

அந்த முந்நூறையும் ‘படித்தாயிற்று’ என்று குறித்துவிடுங்கள். யாரும் வருத்தப்பட மாட்டார்கள். எண்ணிக்கையை மறைக்கும் வசதி இருந்தால் மறைத்தும் விடுங்கள். பத்துப் பதினைந்து ஓடைகளோடு ஆரம்பித்தால் ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ வரும். படித்ததும் பட்டியல் காலி, போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

பழைய ஆட்களை எங்கே பிடிப்பது? தமிழ்மணக் காலம் போல இல்லையே?

இல்லைதான். காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் மாதிரி, பல வலைப்பதிவுகளின் இடுகைகளை ஒரே பக்கத்தில் காட்டி எல்லோரும் கூடும் திரட்டி இப்போது கிடையாது. அதன் ‘சூடான இடுகைகள்’ பட்டியலில் வருவதற்காகப் போட்ட சண்டைகளை நினைத்தால், அந்த ஒரு குறை பரவாயில்லை என்றும் தோன்றும். பிடித்த ஒருவரின் பக்கப்பட்டையில் ‘நான் படிப்பவை’ பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி இடுகையின் தேதியைப் பாருங்கள். பாதி செத்திருக்கும், சில சுட்டிகள் எங்கோ சூதாட்டத் தளத்துக்குப் போகும். மிஞ்சுபவை தங்கம்.

நானும் எழுத வேண்டுமா? ஃபேஸ்புக்கில் நூறு லைக்காவது விழுகிறது.

விழும். ஆனால் தமிழ்ப் பதிவர்கள் பலர் 2010இல் கூகுள் பஸ் என்ற சமூக ஊடகத்துக்குப் போனார்கள், அது மூடியதும் கூகுள் பிளஸ்ஸுக்குப் போனார்கள். 2019 ஏப்ரலில் பிளஸ்ஸையும் மூடி எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கினார்கள். இறக்கி வைக்காதவர்களின் எழுத்து போயே போச்சு. அவர்களே அதற்கு முன் பிளாக்ஸ்பாட்டில் எழுதிய மொக்கைகூட இன்னும் இருக்கிறது. பிளாக்ஸ்பாட்டும் கூகுளுடையதுதான், அதனால் சொந்த டொமைன் (தள முகவரி) ஒன்று வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள்; பிளாகரில், அதாவது பிளாக்ஸ்பாட் தளங்களை நடத்தும் சேவையில், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, டொமைனுக்கு மட்டும் வருடச் செலவு.

தமிழில் தலைப்பு வைத்தால் முகவரி கன்னாபின்னாவென்று வருகிறதே?

பிளாகர் தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு, ‘பிளாக்-போஸ்ட்’ என்று ஒரு எண்ணோடு முகவரி கொடுத்துவிடும். வெளியிடும் முன் பெர்மாலிங்க் (இடுகையின் முகவரி) பகுதியில் இரண்டு ஆங்கிலச் சொற்களை நீங்களே கொடுங்கள். வேர்ட்பிரஸில் தமிழ் முகவரி வரும். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் விழுக்காட்டுக் குறிகளாக நீள்வதால் பெரிய தலைப்பு பாதியில் வெட்டுப்படும். அங்கேயும் அதே வைத்தியம்தான்.

ஃபேஸ்புக்கில் மட்டும் எழுதும் நண்பரை ரீடரில் தொடர வழி உண்டா?

நேர்வழி இல்லை. அவர் அங்கே எழுதுவதை வலைப்பதிவிலும் ஒட்டச் சொல்லுங்கள். முதல் மறுமொழி உங்களுடையதாக இருக்கட்டும்.