பாப்பா சொல்லும் அந்தப் படிப்பு: கொழிஞ்சாம்பாறை அப்பா ஒருவருக்குப் பதில்

அண்ணா, ப்ளஸ் டூ படிக்கும் பாப்பா "நீட் வேண்டாம், சிங்கிள் செல் ஜீனோமிக்ஸ்தான்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், அந்தப் பேரில் கோவையில் எந்தக் காலேஜில் டிகிரி கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பேரில் டிகிரி தேடாதீர்கள். அது ஒவ்வொரு செல்லிலும் எந்த ஜீன் வேலை செய்கிறது என்று தனித்தனியாகப் படித்து ஆராய்ச்சி செய்கிற ஒரு முறை, பெரும்பாலும் எம்.எஸ்சி. கடைசியிலோ பி.எச்டி.யிலோதான் கைக்கு வரும். பேரில் ஜீனோமிக்ஸ் ஒட்டியிருக்கிறது என்பதற்காக லட்சக்கணக்கில் கட்டிவிட வேண்டாம்.

புற்றுநோய் ஆராய்ச்சியை உதாரணமாக எடுத்தால் வேலை இதுதான். ஆபரேஷனில் எடுத்த புற்றுநோய்க் கட்டியின் துண்டைப் பொடிப்பொடியாக நறுக்கி, என்சைமில் ஊறவைத்துச் செல்களைப் பிரிப்பார்கள். எண்ணெய்க்குள் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளில், செல் விழும் துளியில் ஒரு செல்லும் ஒரு ஜெல் மணியும் மட்டும் சேரும்படி பார்ப்பார்கள். மணியில் இருக்கும் பார்கோடு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. எந்த ஆர்.என்.ஏ. (வேலை செய்யும் ஜீனின் நகல்) எந்தச் செல்லுடையது என்று பிறகு அதை வைத்துப் பிரிக்கலாம். கட்டிக்குள் புற்றுசெல் மட்டும் இல்லை, அதை எதிர்க்க வந்த டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களும் உண்டு. புற்றுசெல் தன் மேலுள்ள பிடி-எல்1 புரதத்தால் டி செல்லின் மேலுள்ள பிடி-1 புரதத்தைத் தொட்டு அதை அடக்கிவிடும். இது மாதிரி டி செல்லை அடக்கும் தடைகளை நீக்கும் வழிக்குத்தான் ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு 2018இல் நோபல் கிடைத்தது. எந்த டி செல் சோர்ந்துவிட்டது, எது இன்னும் போராடுகிறது என்று செல் செல்லாகப் பார்க்க இந்த முறை வேண்டும். 2016இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள 19 பேரிடமிருந்து 4,645 செல்களைத் தனித்தனியாகப் படித்தார்கள்.

இன்னொன்று, ஆபரேஷன் சாயங்காலம் முடிந்தால் லேப் வேலை அப்புறம்தான் தொடங்கும். செல்கள் சாவதற்குள் முடித்தாக வேண்டும், எனவே நடுராத்திரி ஆகலாம். இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

லேப் வேலை சில நாள். கம்ப்யூட்டர் வேலை பல மாதம். இந்தச் செல்லும் அந்தச் செல்லும் பேசிக்கொள்ளக்கூடும், அதாவது ஒன்றுக்கொன்று சைகை அனுப்பக்கூடும் என்று மென்பொருள் பட்டியல் கொடுக்கும், அவ்வளவுதான். உண்மையில் பேசினவா என்று வேறு சோதனையில்தான் உறுதி செய்ய முடியும். அதனால் கணக்கும் புள்ளியியலும் இல்லாமல் முடியாது. பயாலஜி என்றால் கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று பாப்பா நினைத்திருந்தால் அது நடக்காது. நம்ம கேரளா சிலபஸில் பயாலஜி சயன்ஸ் குரூப்பில் பொதுவாகக் கணக்கும் இருக்கிறதே, அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

எங்கே சேர்ப்பது? வீட்டில் தமிழ், ரேஷன் கார்டு கேரளா. தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீடுகளில் நாம் வெளிமாநிலத்தார்தான். ஐசர் (IISER) என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களில் இந்தத் தொந்தரவு இல்லை. திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும் இருக்கின்றன. ஐசர் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணக்கு நான்கிலும் கேள்வி சமமாக வரும், நீட் தயாரிப்பு மட்டும் பத்தாது. இடம் கிடைக்கவில்லையா, பக்கத்திலேயே நல்ல பி.எஸ்சி. படித்துவிட்டு எம்.எஸ்சி.க்கு ஜாம் (JAM) அல்லது காட்-பி (GAT-B) என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம். பிறகு பி.எச்டி.க்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. கையில் சம்பளம் வர ஐந்தாறு வருஷம் ஆகும், கல்யாணப் பேச்சை அதற்குள் எடுத்து அவளைப் பாதியில் இழுக்காதீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இந்தச் செல் தரவை அலசும் சூரா (Seurat) மென்பொருளின் பயிற்சிப் பாடத்தில் 2,700 ரத்த செல்களின் தரவை இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். சாதாரண லேப்டாப்பே போதும். லீவில் பாப்பா அதைப் போட்டுப் பார்க்கட்டும். எரர் வந்து மூன்றாம் நாளும் அதையே நோண்டிக்கொண்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், ஃபார்ம் போடுவோம்.