புகைமூட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வறட்சி வந்தாலே சுமத்ரா புகை எங்கள் தோட்டம் வரை வந்துவிடுகிறது. ஆசியான் நாடுகள் ஒப்பந்தம் போட்டும் ஏன் நிற்கவில்லை? (வாசகி, குளுவாங்)

பதில்: எல்லை கடந்த புகைமூட்ட ஒப்பந்தம் 2002 ஜூனில் கோலாலம்பூரில் கையெழுத்தாகி, 2003 நவம்பரில் நடப்புக்கு வந்தது. இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்ததோ 2014-இல்தான். இதற்கிடையே 2013 ஜூனில் ஜொகூரிலுள்ள மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டு, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மீறும் நாட்டுக்கு ஒப்பந்தத்தில் தண்டனை கிடையாது. பிணக்கு என்றால் பேசித் தீர்க்க வேண்டும். தீயணைக்க அயல்நாட்டுக் குழு போகவும் அந்த நாடு சம்மதிக்க வேண்டும். இந்த ஓட்டையை அடைக்காமல் முழுப் பலன் வராது. ஆனாலும் அதை வெற்றுக் காகிதம் என்று தள்ளிவிடாதீர்கள். செயற்கைக்கோள் காட்டும் தீப்புள்ளிகளைச் சிங்கப்பூரிலுள்ள ஆசியான் வானிலை மையம் வெளியிடுவதால், எரிவதை எளிதில் மறைக்க முடிவதில்லை.

தீ அடங்காததற்கு மண்ணும் காரணம். மலாயில் 'தானா காம்புட்' எனப்படும் அரைகுறையாக மக்கிய தழைமண்ணில் கால்வாய் வெட்டி நீரை வடித்தால், காய்ந்த மண்ணே விறகாகிவிடும். தீ அடியில் இறங்கி, சுடரில்லாமல் கனன்று புகையைக் கக்கும். மேலே நீர் பாய்ச்சினாலும் அடியில் கனல் தங்கும். கால்வாயை அடைத்து நிலத்தடி நீரை உயர்த்துவதே வழி. பாதுகாக்கும் மண்டலம் அல்லாத, பயிரிடும் தழைமண் நிலத்திலும் நீர்மட்டம் தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது இந்தோனேசியாவின் 2016 விதி.

கேள்வி: 5 ஏக்கர் செம்பனையை மறுநடவு செய்ய வேண்டும். பழைய மரங்களை எரிக்காமல் என்ன செய்வது? (சிறுதோட்டக்காரர், குளுவாங்)

பதில்: எக்ஸ்கவேட்டரால் சாய்த்து, தண்டை 10 செ.மீ.க்கு மிகாத சீவல்களாக வெட்டி, வரிசைகளுக்கு இடையே பரப்புங்கள். வேரடியையும் தோண்டிச் சீவ வேண்டும். செம்பனையை அழுகவைக்கும் கானோடெர்மா பூஞ்சணம் அங்கேதான் தங்கும். பலர் தவறுவது சீவலைக் குவித்து வைப்பதில். குவியலுக்குள் ஈரம் நிற்க, காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்த வண்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். புதிதாய் விரியும் ஓலை கத்தரித்தாற்போல் முக்கோணமாக வெட்டுண்டிருந்தால், வண்டு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். எனவே மெல்லிய அடுக்காகப் பரப்பி, மேலே நிலத்தை மூடி வளரும் முக்குனா கொடியைப் படரவிடுங்கள். அந்தக் கொடி கன்றையே மூடிவிடும் வேகத்தில் வளரும். கன்றைச் சுற்றி வட்டமாக வெட்டிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: புகைக்குத் துணி முகக்கவசம் போதுமா?

பதில்: போதாது. புகையின் நுண்துகள் துணியில் நுழைந்துவிடும். நுண்துகளை வடிகட்டும் என்95 முகக்கவசம் வாங்கி, மூக்குக் கம்பியை அழுத்தி, இரு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் பட்டையைச் சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் எப்படியும் கசியும்.